முன்சீட்டில் எரிந்த நூல்

அத்தியாயம் 8

துப்பறியும் அப்பாதுரைக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த சாட்சிகளிலேயே மகா மட்டமானது அன்றைக்கு மேஜைமேல் கிடந்தது. சுண்டைக்காய் அளவு பஞ்சு. அதிலும் ஒரு பக்கம் மஞ்சளாகக் காதுக் குறும்பி ஒட்டியிருந்தது.

"பெங்களூர்ல நாயா அலைஞ்சு கொண்டாந்தது இதுதானா சார்?" என்றாள் காந்தா. "முன்னாடியே சொல்லியிருந்தா என் காதுலேருந்தே எடுத்துக் குடுத்திருப்பேனே."

காந்தா அவருடைய உதவியாளர். டைப் அடிக்கச் சேர்ந்தவள். கையைவிட வாய் வேகமாக ஓடுவதைப் பார்த்து, இவளை ஆபீசில் உட்கார வைத்தால் வருகிற கட்சிக்காரனும் ஓடிவிடுவான் என்று அப்பாதுரை கூடவே அழைத்துக்கொண்டு அலைய ஆரம்பித்தார்.

இருவரும் உட்கார்ந்திருந்தது பெரிய காஞ்சிபுரத்தில், பரசுராமனின் பட்டுக் கடை மாடியில். பரசுராமன் வெறும் கட்சிக்காரர் இல்லை, அப்பாதுரையின் பால்ய சிநேகிதர். ஒரே பெஞ்சு, ஒரே வாத்தியாரிடம் பிரம்படி. யுத்த காலத்தில் வேகவதி ஆற்று மணலில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே போகிற விமானங்களைப் பார்த்து, ஏறினால் ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் ஏறுவது, அதுவும் முன்சீட்டில்தான் என்று சத்தியம் செய்துகொண்டவர்கள். பிறகு ஒருவர் மதராஸுக்குத் துப்பறியப் போனார். இன்னொருவர் தறியிலிருந்து எழுந்து கடை முதலாளியானார். அந்தச் சிநேகிதத்தை நம்பித்தான் அப்பாதுரை இந்தக் கேஸை எடுத்தார். நம்பித்தான் என்பதை நீங்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேஸ் இதுதான். கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பரசுராமன் கூறைச்சேலை நெய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். மாம்பழ மஞ்சளில் உடல், அரக்குக் கரை, முந்தானையில் ஏகாம்பரநாதர் கோவில் மாமரம் நாலு கிளையோடு. கல்யாணம் முடிகிறவரை அந்தப் படத்தில் இன்னொரு சேலை உலகத்திலேயே இருக்கக்கூடாது என்பது பேச்சு. ஆனால் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே அந்த வீட்டு அம்மாள் பெங்களூரில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அதே மாமரத்தைப் பார்த்துவிட்டாள். நேரே காஞ்சிபுரத்துக்கு வந்து ஊரைக் கூட்டிவிட்டாள்.

நெய்தது பரசுராமன் வீட்டுக்குள்ளேயே, அவரும் அவர் மனைவியுமாக. படத்தைப் பார்த்த வெளியாள் ஒரே ஒருவர், அதைப் போட்டுக்கொடுத்த கலீமுல்லா. போதாதா? சாயங்காலம் பட்டு வியாபாரிகள் சங்கம் கூடுகிறது. அங்கே திருடன் என்று பேர் அடிபட்டுவிட்டால் அப்புறம் காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர்கூடக் கலீமுல்லாவை வாசலில் சேர்க்க மாட்டார். அவருக்குப் படம் போடுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

பெங்களூர்க் கடைக்காரர் அப்பாதுரையிடம் வாயே திறக்கவில்லை. யாரோ கொண்டுவந்தார்கள், வாங்கினேன், அதோடு சரி. சேலையைச் சுற்றி வந்த மல்துணி மட்டும் கடை மூலையில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதன் மடிப்பில் சிக்கியிருந்ததுதான் இந்தப் பஞ்சு.

பரசுராமன் காபியோடு மாடியேறி வந்தார். பஞ்சைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தவித்தார். அப்புறம் மனசில்லாமல் சொன்னார்.

"பாயுங்க காதுல அத்தர் பஞ்சு வெச்சிக்கினு இருப்பாங்க துரை. அவங்க பழக்கம் அது. நான் இன்னாத்த சொல்றது? இத்தினி வருசமா எங்கூட ஒண்ணுமண்ணா இருந்த மனுசன்பா."

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாதுரைக்கு நெஞ்சு இளகிவிட்டது. துரோகம் செய்தவனுக்காக அழுகிறானே, இப்படியும் ஒரு மனுஷனா என்று நினைத்தார்.

காந்தாவுக்கு இந்த மாதிரிக் கட்டங்கள் ஒத்துக்கொள்ளாது. பேச்சை மாற்ற, பொருட்காட்சியில் வாங்கிய தன் புதுப் பட்டுச்சேலையைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம். பரசுராமன் தலைப்பை வாங்கி விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார். ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவினார். தீக்குச்சி கிழித்து அதன் நுனியில் வைத்தார். மூக்குக்குக் கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தார்.

"காகிதம் எரியற வாசனை வருது. நெசப் பட்டுன்னா தலமுடி கருகற நாத்தம் வரணும். உன்னை ஏமாத்திட்டாங்கம்மா."

"ஏமாந்தது தெரியாத வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்" என்று காந்தா தலைப்பை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

சிரித்துக்கொண்டே கீழே இறங்கினார்கள்.

*

அப்பாதுரையின் மோரிஸ் மைனர் முதல் தடவையில் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. அது இருமிக்கொண்டிருக்கும்போது காந்தா வழக்கம்போல முன்கண்ணாடியில் தொங்கிய பொம்மையை விரலால் தட்டி ஆடவிட்டாள். எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் அவளுக்குப் பொம்மை செய்தாக வேண்டும். இது தங்கக் காகிதத்தில் நீலக் கோடு போட்ட பாவாடைக்காரி. கேஸைக் கொடுக்க வந்த அன்றைக்குப் பரசுராமன் சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அப்பாதுரையிடம் நீட்டி, பாரிமுனையில் வாங்கினேன், வாயில் போடு என்றார். கொஞ்சம் இளகிக் காகிதத்தோடு ஒட்டிப் போயிருந்தது. சிநேகிதன் கொடுத்ததை யார் பார்த்துத் தின்கிறார்கள்? அப்பாதுரை நகத்தால் உரித்து வாயில் போட்டுக்கொண்டார். காகிதம் காந்தாவுக்குப் போயிற்று.

கலீமுல்லாவின் வீடு ஒலிமுகம்மது பேட்டையில். கூடத்தில் பாய் விரித்து, கட்டம் போட்ட காகிதத்தைப் பரப்பி, ஒரு அன்னத்தின் கழுத்தைக் கட்டம் கட்டமாக வளைத்துக்கொண்டிருந்தார். அறுபதை ஒட்டிய வயசு. இவர்களைப் பார்த்ததும் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

அப்பாதுரை ஆரம்பித்தார். பெங்களூரில் உறவுக்காரர்கள் உண்டா? உண்டு. போன மாசம் போனீர்களா? போகவில்லை. போகவில்லை என்பதற்கு யார் சாட்சி? பீவிதான் சாட்சி.

"கட்டின பெண்டாட்டி சாட்சி செல்லுபடி ஆகாது பாய். அவங்க உண்மையே சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள் காந்தா.

கலீமுல்லா பேனாவைக் கீழே வைத்தார். "பரசு முதலாளிக்கு எம்மேல சந்தேகம்னு ஊர்ல பேசிக்கிறாங்க. சங்கத்துல நாலு பேர் நாலு விதமா சொல்வாங்க, சொல்லிட்டுப் போறாங்க. அவர் வாயால சொன்னாரா சாப்? அத மட்டும் எனக்குக் கேட்டுச் சொல்லுங்க."

அப்பாதுரை பெங்களூர்ப் பேச்சுக்கே திரும்பப் பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து கரிந்த நாற்றம் ஒன்று குப்பென்று கிளம்பிக் கூடம் முழுக்க நிறைந்தது. அப்பாதுரை இருமினார். காந்தா தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கலீமுல்லா மட்டும் அன்னத்தின் கழுத்தைப் பார்த்தபடி, பதினைந்து வருஷமாகப் பரசுராமனுக்குத் தான் போட்ட படங்களைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தார்.

பொறுக்க மாட்டாமல் காந்தா உள்ளே ஓடினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. அவள் இறக்கி வைப்பதற்கும் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவி ரம்ஜான் பீ ஓடி வருவதற்கும் சரியாக இருந்தது.

"பால் தீஞ்சி தெருவே நாறுது, இந்த மனுசனுக்குத் தெரியல பாரும்மா" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மை வார்த்ததுலேருந்து இவருக்கு மூக்கு செத்துப்போச்சி. பிரியாணியும் ஒண்ணு, சாக்கடையும் ஒண்ணு."

அப்பாதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தர் பூசிக்கொள்வது உண்டா என்று கேட்டார்.

"எனக்கு என்னாத்துக்கு சாப் அத்தர்? கண்ணு தெரியாதவன் வீட்டுல நெலக்கண்ணாடி மாட்டறாப்பலதான்" என்றார் கலீமுல்லா.

வாசலுக்கு வந்ததும் அப்பாதுரை பொட்டலத்தைப் பிரித்துப் பஞ்சை மூக்கருகே வைத்துப் பார்த்தார். அத்தர் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதுவுமில்லாமல், அத்தர்ப் பஞ்சைக் காது மடலில் செருகுவார்கள். இது உள்ளே குறும்பி வரைக்கும் போய் வந்திருக்கிறது. காதை அடைக்க வைத்த பஞ்சு.

"நல்லா இருக்கறவன் எதுக்குக் காதை அடைச்சுக்கறான் காந்தா?"

"உங்க கார்ல ஏறுறவன் அடைச்சுக்கலாம்" என்றவள் சட்டென்று நின்றாள். கண் விரிந்தது. "சார், ஏரோப்ளேன். கிளம்பறதுக்கு முன்னாடி காது அடைக்காம இருக்க தட்டுல பஞ்சு வெச்சு நீட்டுவாங்களாம். எங்கூட ஹாஸ்டல்ல இருந்த மேரி சொல்லியிருக்கா. அவ ஏர் ஹோஸ்டஸ். ரெண்டு மாசமா அவளுக்கு பெங்களூர் ரூட்டுதான்."

*

தபாலாபீசில் அர்ஜென்ட் டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். சங்கக் கட்டிடத்துப் பக்கம் வேட்டிக்காரர்கள் இரண்டு இரண்டு பேராகப் போக ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாதுரை ஜன்னல் வழியே அதைப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்தார். ஒருவழியாக லைன் கிடைத்தது. மதராஸ் ஹாஸ்டலில் மேரி தூங்கி எழுந்த குரலில் ஹலோ என்றாள். காந்தா பேசியது தபாலாபீஸ் முழுக்கக் கேட்டது. டிரங்க் கால் இல்லாமலே மதராஸுக்குக் கேட்டிருக்கும்.

போன மாசம், காஞ்சிபுரத்துப் பக்கத்து ஆள் யாராவது, கையில் துணி மூட்டை? மேரி யோசிக்கவே இல்லை. அந்த ஆளை மறக்க முடியுமா என்றாள். முன்பக்கம் முதல் வகுப்பில் இருப்பது கொஞ்சம் சீட்டு. பெரிய ஆபீசர்கள், சினிமாக்காரர்கள், அவர்களும் கம்பெனிக் காசில் வருவார்கள். முக்கால் மணி நேரப் பயணத்துக்குச் சொந்தக் காசைக் கொட்டி, வேட்டி கட்டிக்கொண்டு முதல் வகுப்பில் வந்தவர் அவர் ஒருவர்தான்.

"முக்கால் மணிக்கு முன்சீட்டா? வேட்டியைச் சரி பண்ணி உக்கார்றதுக்குள்ள பெங்களூர் வந்துடுமேடி" என்றாள் காந்தா. "பேர் ஞாபகம் இருக்குதா?"

"இல்லாம? முதல் வகுப்புல வர்றவங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். வழி பூரா மிஸ்டர் கலீமுல்லா, மிஸ்டர் கலீமுல்லான்னு என் வாயே வலிச்சுப்போச்சு."

காந்தாவின் முகம் தொங்கிப்போயிற்று. ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பேரை அப்பாதுரையிடம் சொன்னாள்.

அப்பாதுரைக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. வெட்கக்கேடுதான், ஆனாலும் நிம்மதி. பரசு சொன்னது சரியாகப் போயிற்று, சிநேகிதன் பொய் சொல்லவில்லை. அந்த பாய்தான் பால் கருகுவதுகூடத் தெரியாதவர்போல நடித்து நம்மை முட்டாளாக்கிவிட்டார். சரி, வா போகலாம் என்று எழுந்தே விட்டார்.

ஆனால் மேரிக்கு அந்த ஆளைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. நல்ல மனுஷர், பாவம், ஏறினதிலிருந்து இறங்குகிறவரை காலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டார். ஒரே ஒரு கூத்துதான் பண்ணினார். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் தொங்குகிற திரை அசல் பட்டு என்று மேரி பெருமையாகச் சொல்லிவிட்டாள். மனுஷர் எழுந்து போய்த் திரையை விரலால் தேய்த்துப் பார்த்தார், ஒரு இழையை உருவினார், தீக்குச்சி கிழித்து அதைக் கொளுத்திவிட்டார். விமானத்துக்குள். மேரிக்கு உயிரே போய்விட்டது.

அப்பாதுரை ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். "கொளுத்திட்டு என்னம்மா பண்ணினார்?"

"மூக்குல வெச்சு மோந்து பாத்தார் சார். காகித வாசனை வருது, உங்களை ஏமாத்திட்டாங்கம்மான்னு என்னைப் பாத்து ரொம்ப வருத்தப்பட்டார்."

அப்பாதுரை காந்தாவின் சேலைத் தலைப்பைப் பார்த்தார். காந்தா மெதுவாக, காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை வைத்திருக்கிறவன் எல்லாருமே நூலைக் கொளுத்திப் பார்க்கிறவன்தான் சார் என்றாள். அவளுக்கே தன் பேச்சில் நம்பிக்கை இல்லை. கொளுத்துகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் மூக்கு செத்துப்போன கலீமுல்லா எதை மோந்து பார்ப்பார்? அவர் பேரில் வேறு யாரோ ஏறியிருக்கிறான்.

மேரி பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். இறங்குகிற நேரத்தில் அந்த ஆள் இன்னொரு மிட்டாய் கேட்டார். எதற்கு என்றால், சிநேகிதனுக்கு என்றார். சின்ன வயசில் ரெண்டு பேரும் ஒன்றாக ஏற வேண்டும் என்று பேசிவைத்திருந்தோம், அவன் வரமுடியவில்லை, இதையாவது கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். மேரிக்கு மனசுக்கு என்னவோ போலாகி எடுத்துக் கொடுத்தாள். முன்சீட்டுக்காரர்களுக்கு மட்டும் கொடுக்கிற மிட்டாய், கடையில் கிடைக்காது. தங்கக் காகிதம், நீலக் கோடு.

நேரம் முடிந்து லைன் அறுந்துபோயிற்று. அப்பாதுரை அப்புறமும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார். காந்தாதான் அதை வாங்கி வைத்தாள்.

*

பொம்மை காரில் தொங்கிக்கொண்டிருந்தது. மதராஸிலிருந்து காஞ்சிபுரம், காஞ்சிபுரத்திலிருந்து மதராஸ், இந்த ஒரு வாரமும் கண்ணெதிரே ஆடிக்கொண்டே வந்திருக்கிறது. அப்பாதுரை அதைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தின்று தீர்த்த மிட்டாயின் ருசி இப்போது தொண்டையில் வந்து நின்றது. காந்தா எதையோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவள் அந்த வாயை மூடியது அதுதான் முதல் தடவை.

மாடியில் பரசுராமன் சங்கத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சலவை வேட்டி, சரிகை அங்கவஸ்திரம். அப்பாதுரை பொம்மையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பரசுராமன் அதைப் பார்த்தார். சிநேகிதன் முகத்தைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தை மடித்துக்கொண்டிருந்த கை நின்றுபோயிற்று.

"முக்கால் மணி நேரத்துக்கு முன்சீட்டு எதுக்குடா பரசு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்க்கு என்ன பஞ்சம்? ஆனால் பரசுராமன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"குழித்தறியில காலைத் தொங்கவுட்டுக்கினே வளந்தவன்டா நானு. எங்கப்பனும் அப்படித்தான். ஒரு தபா, ஒரே ஒரு தபா, காலை நீட்டிக்கினு மகராசனாட்டம் உக்காரணும்னு தோணிச்சு."

அப்புறம் எல்லாம் தானாகவே வந்தது. பெங்களூர்க்காரன் அங்கே கடை திறந்து பரசுராமன் பேரைப் பலகையில் போடுவதாகச் சொன்னான். அதற்கு ஈடாக ஊரில் யாரும் பார்க்காத படம் ஒன்றைக் கேட்டான். மனைவி பிறந்த வீடு போயிருந்த சமயம் பார்த்து, தறியில் ஏற்றியிருந்த அதே பாவு நூலில் இரண்டாவது சேலையையும் நெய்து எடுத்துக்கொண்டு போனார். கல்யாணம் முடிகிறவரை வெளியே காட்டக்கூடாது என்பது பேச்சு. அவன் மறுவாரமே கண்ணாடிக்குள் மாட்டிவிட்டான். கூட்டாளியும் கழுத்தறுத்துவிட்டான், தானும் கழுத்தறுத்தாயிற்று, ஆகவே பழிபோட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"பாய் பேர்ல எதுக்கு ஏறின?"

"என் பேர்ல ஏறினா ஊருக்குத் தெரிஞ்சிடும். பேர் கேட்டாங்க, சட்டுனு வாயில வந்ததச் சொன்னேன்."

பதினைந்து வருஷம் கூடவே இருந்தவனின் பேர்தான் சட்டென்று வாயில் வந்திருக்கிறது. அப்பாதுரைக்குப் பரசுவை அறைய வேண்டும் போல் இருந்தது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. தபாலாபீசிலிருந்து இங்கே வருகிறவரை அது ஒன்றுதான் அவர் மண்டைக்குள் குடைந்துகொண்டே வந்தது.

"என்னை எதுக்குடா கூப்ட்ட? போலீசு இல்லியா ஊர்ல?"

பரசுராமன் தரையைப் பார்த்தார். காந்தா திரும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"போலீசு வந்தா கண்டுபுடிச்சிடுவான். அந்தக் கோயமுத்தூர் அம்மா விசாரிக்காம வுட மாட்டேன்னுது. உன்ன விசாரிக்க வுட்டா நீ எம்பக்கம் திரும்பக்கூட மாட்ட. எனக்குத் தெரியும்."

இதைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பாசம்கூட இருந்தது. அதுதான் அப்பாதுரைக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷத்துச் சிநேகிதத்தை அவன் எடைபோட்டு வைத்திருக்கிறான். இவன் நம்புவான், இவன் கண்டுபிடிக்க மாட்டான், இவனுக்கு ஒரு மிட்டாய் போதும். சிநேகிதனாகவும் மதிக்கவில்லை, தொழில் தெரிந்தவனாகவும் மதிக்கவில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பரசுராமன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஒரு தடவை விட்டுவிடு என்று கெஞ்சினார். பாய்க்கு வேறு ஊரில் தொழில் பார்த்துக் கொடுக்கிறேன் என்றார். "அடுத்த மாசமே நாம ரெண்டு பேரும் போலாம்டா துரை. முன்சீட்டு. நீ ஜன்னல் பக்கம் உக்காரு."

அப்பாதுரை கையை விடுவித்துக்கொண்டார்.

"கலீமுல்லா பாய் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டார். நீ உன் வாயால அவரைத் திருடன்னு சொன்னியான்னு. நீயே வந்து உன் வாயால சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். மேரின்னு ஒரு பொண்ணு இருக்குது, உன்னை ஊர்க்கூட்டத்துல வெச்சாலும் அடையாளம் காட்டும்."

*

சங்கக் கூடத்தில் கடைக்காரர்கள் ஜமக்காளத்தில் நிறைந்திருந்தார்கள். கோயம்புத்தூர் அம்மாள் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கலீமுல்லா கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

பரசுராமன் பேச எழுந்தார். எதிரே பார்த்தார், அப்பாதுரை தங்கப் பொம்மையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் ஆரம்பித்தார். படத்தை விற்றது தான்தான் என்றார். விமானத்தில் போனதையும், எந்தப் பேரில் போனார் என்பதையும் சொன்னார். கூடம் கொதித்தது. ஆளாளுக்கு எழுந்து நின்று கத்தினார்கள். காலையிலிருந்து கலீமுல்லாவைத் திட்டிய அதே வாய்கள்தான் இப்போது இவரைத் திட்டின. அந்த அம்மாள் எழுந்து, வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு வெளியே போனாள். சங்கத்துத் தலைவர் தானே எழுந்து வந்து கலீமுல்லாவை ஜமக்காளத்தில் உட்காரச் சொன்னார்.

கலீமுல்லா உட்காரவில்லை. நேரே பரசுராமனிடம் போனார். அடிக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு கடைக்காரர் நடுவில் புகக்கூட எழுந்தார்.

"எம்பேர்ல போனீங்களே முதலாளி" என்றார் கலீமுல்லா. "சீட்டு சௌகரியமா இருந்துச்சா?"

அவர் குத்திப் பேசவில்லை. நிஜமாகவே கேட்டார். பரசுராமன் அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டு கூட்டத்தின் நடுவில் குலுங்கிக் குலுங்கி அழுதார். இந்தத் தடவை அழுகை அசல்தான். ஆனால் அப்பாதுரைக்கு நெஞ்சு இளகவில்லை.

வெளியே வந்து காரில் ஏறினார்கள். வண்டி ஆச்சரியமாக முதல் தடவையிலேயே கிளம்பியது. காந்தா அதைப் பற்றி ஒரு கிண்டலும் செய்யவில்லை. பொன்னேரிக்கரையும் தாண்டியாயிற்று. பிறகு அவள்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அந்த மிட்டாய் எப்படி சார் இருந்துச்சு?"

"இளகிப்போயிருந்துச்சு. ஆனா ருசியாத்தான் இருந்துச்சு." அப்பாதுரை ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சிநேகிதனுக்குன்னு மேரிகிட்ட சொன்னானே, அவன் சொன்னதுலயே அது ஒண்ணுதான் பொய்யில்ல காந்தா. திருட்டுச் சேலையை மடியில வெச்சிக்கினு, அடுத்தவன் பேர்ல உக்காந்துக்கினு, எனக்குன்னு நெனச்சுத்தான் கேட்டு வாங்கியிருக்கான். அதான் வயிறு எரியுது."